அதே பாட்டுதானா இது? விருப்பப் பாட்டு நூறைச் சேர்த்துவைக்க எது உதவும்: ஒரு மதிப்பீடு

‘தொட்டால் பூ மலரும்’ என்று எந்த மியூசிக் ஆப்பில் தட்டினாலும் குறைந்தது இரண்டு பாட்டு வந்து நிற்கும். ஒன்று 1964இல் ‘படகோட்டி’க்காக டி.எம்.எஸ்., பி.சுசீலா பாடியது, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. இன்னொன்று 2004இல் ‘நியூ’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் வேறு மெட்டில் போட்டது. பல்லவி இரண்டிலும் வாலியுடையதே. கூடவே கரோக்கி, மேடைக் கச்சேரி, யாரோ புதிதாகப் பாடி ஏற்றியது என்று இன்னும் பத்துப் பதினைந்து வரும்.

தமிழ்த் திரையிசையில் தனக்கு உயிரான நூறு பாட்டைப் பொறுக்கி எடுத்துவைக்க நினைக்கிறவருக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான். மனசில் நிற்பது ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவு. அந்தக் குரல், அந்த வயலின் கூட்டம், இடையிசையில் எட்டிப்பார்க்கும் அந்த ஒற்றைப் புல்லாங்குழல். பெயர் ஒன்றாக இருந்து பதிவு மாறிப்போனால் பட்டியல் பாழ்.

ஆகவே பாட்டுப் பெட்டி (பாட்டு ஏற்றியே வரும் ஒலிபெருக்கி), மியூசிக் ஆப், யூடியூப், பென் டிரைவ் ஆகிய நான்கையும் இங்கே நிறுத்துப் பார்த்தது மூன்று கேள்விகளை வைத்து. சரியான பதிவைக் கண்டுபிடிக்க முடிகிறதா? நாம் வைத்த வரிசை அப்படியே நிற்கிறதா? ஐந்து வருஷம் கழித்தும் அது இருக்குமா? ஒலித்தரம் நான்காவதுதான். 1961இல் மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்) பதிவான பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஹெட்போன் பெரிதாக எதையும் கூட்டித் தந்துவிடாது.

முதலில் பொறுக்குவது

ஆப்பைத் திறந்துகொண்டு பட்டியல் போட உட்காரக் கூடாது. திரையில் முதலில் வருவது ஏற்கெனவே பலர் கேட்டது. விரல் அதன் பின்னாலேயே போய்விடும். வெறும் தாளில், எதையும் பார்க்காமல், நினைவில் இருந்து எழுதுங்கள். முதல் 40 வேகமாக வரும், 60க்கு மேல் திணறும். திணறும் இடத்தில் நிறுத்திவிட்டு நான்கைந்து நாள் கழித்து மறுபடி எழுதினால், முதல் தாளில் விட்டுப்போன நல்ல பாட்டுகள் தாமாக வரும்.

அடுத்து ஒவ்வொன்றையும் கடைசிச் சரணம் முடியும்வரை கேட்க வேண்டும். பல்லவியின் கவர்ச்சியால் பட்டியலுக்குள் நுழைந்த பாட்டுகள் இரண்டாம் சரணத்தில் கழன்றுவிடும். பத்துக்கு எட்டு, ஒன்பது என்று மதிப்பெண் போடுவது பயன்படாது, எல்லாமே எட்டரையில் வந்து நிற்கும். இரண்டிரண்டாக எடுத்து, ‘இந்த இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால் எது?’ என்று கேட்டுக்கொண்டே போவது விரைவாக வேலை செய்யும். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஒரே படத்தில் பி.சுசீலாவின் ‘சொன்னது நீதானா’, பி.பி.ஸ்ரீநிவாஸின் ‘நினைப்பதெல்லாம் நடந்துவிட்டால்’, ஏ.எல்.ராகவனின் ‘எங்கிருந்தாலும் வாழ்க’ மூன்றும் இருக்கின்றன. அந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால் மூன்றும் உள்ளே வரும். எதிரெதிரே நிறுத்தினால்தான் நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நமக்கே தெரியும்.

கேட்ட பாட்டைப் பதிந்து தந்த பழைய ரெக்கார்டிங் சென்டர் காலத்து 60 நிமிட கேசட்டை அளவுகோலாக வைத்துக்கொள்வது இன்றும் நல்ல வழி. ஒரு பக்கம் 30 நிமிடம். நிமிடத்துக்கு 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்துப் பாட்டு பெரும்பாலும் மூன்றேகால், மூன்றரை நிமிடம். இடைவெளி விட்டால் பக்கத்துக்கு எட்டு ஏறும். எண்பதுகளின் பாட்டு நாலரை நிமிடம் ஓடினால் ஆறுதான். இரண்டு பக்கமும் சேர்த்து 12 முதல் 16 பாட்டு. உங்கள் நூறில் இருந்து அப்படி ஒரு கேசட்டை முதலில் நிரப்புங்கள். அது பட்டியலின் தலைப்பகுதி. மீதி அதற்குப் பின்னால் தானாக வரிசைப்படும்.

‘உலகின் தலைசிறந்த’ என்று தொடங்கும் தயார்ப் பட்டியல்கள் எதற்கு உதவும் என்பதையும் சொல்லிவிடலாம். 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி நேயர்களிடம் வாக்குக் கேட்டது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடம், இலங்கைத் தமிழ்ப் பாடகர் திருமலை சந்திரனின் ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ ஐந்தாம் இடம். முதலிடம் ஓர் அயர்லாந்து விடுதலைப் பாட்டுக்கு. குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பத்தாவது. எந்த மக்கள் திரண்டு வாக்குப் போட்டார்கள் என்பதன் பதிவு அது, அந்த வகையில் அருமையானது. நம் பட்டியலுக்கு அத்தகையவை மறந்த பாட்டை நினைவூட்டும். அதற்குமேல் அவற்றிடம் கேட்கக் கூடாது.

பதிவை அடையாளம் காண்பது

ஆப்பில் தெரியும் ஆண்டை நம்பாதீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் டிஜிட்டலில் மறுபடி வெளியிட்ட ஆண்டு. 1961இன் பாட்டுக்கு 2014 என்று இருக்கும். இசையமைப்பாளர் பெயரும் அப்படித்தான். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தது 1965இல். அதற்கு முந்தைய பாட்டுகள் பலவற்றில் எம்.எஸ்.விஸ்வநாதன் பெயர் மட்டும் நிற்கும். பதிவு தவறு என்று அதற்குப் பொருளில்லை, விவரம் அரைகுறை என்றுதான் பொருள். பாடலாசிரியர் பெயர் பல இடங்களில் கிடையவே கிடையாது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியவை மட்டும் வேண்டும் என்று கேட்டால் ஆப் விழிக்கும். அவர் பெயரில் யாரோ தொகுத்த ஆல்பம் கிடைக்கும், அதில் மற்றவர் பாட்டும் கலந்திருக்கும். கவிஞரை வைத்துப் பட்டியல் போடுகிறவர்கள் பாட்டுப் புத்தகத்தை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே முதலடியில் இரண்டு பாட்டு உள்ள படங்களில் கவனம் வேண்டும். ‘அன்னக்கிளி’யில் (1976) ‘அன்னக்கிளி உன்னத் தேடுதே’ எஸ்.ஜானகி பாடியது ஒன்று, டி.எம்.எஸ். பாடிய சோக வடிவம் ஒன்று. ‘தம்பிக்கு எந்த ஊரு’ (1984) படத்தின் ‘காதலின் தீபம் ஒன்று’ எஸ்.பி.பி. குரலிலும் ஜானகி குரலிலும் உண்டு. தலைப்பை மட்டும் பார்த்துச் சேர்த்தால் பாதிப் பேருக்கு மாறிப்போகும்.

மறுபதிவுகளைப் பிடிப்பது இன்னும் நுட்பமானது. யாரோ ஒருவர் பாடியது என்றால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அதே பாடகர் முப்பது வருஷம் கழித்துப் பாடியதுதான் ஏமாற்றும். மூன்று அடையாளங்கள் சொல்லலாம். சுருதி அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறங்கியிருக்கும். தாளம் ஒரே சீராக, இயந்திரத்தனமாக விழும், ஏனென்றால் தபலாவும் பாங்கோஸும் இருந்த இடத்தில் கீபோர்டின் தாளப்பெட்டி இருக்கும். வயலின்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இழுக்கும்போது வருகிற அந்த மெல்லிய உரசல் இராது, ஒரே வழுவழுப்பாகப் போகும். ‘ரிவைவல்’ என்று தலைப்பில் இருந்தால் மேலே புதிதாகத் தாளம் சேர்த்திருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சுருதி ஏறியிருந்தால் வேறு காரணம். பழைய இசைத்தட்டையோ டேப்பையோ டிஜிட்டலுக்கு மாற்றும்போது வேகம் பிசகியிருக்கும். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறும். இதைக் காதைவிடக் கடிகாரம் சுலபமாகக் காட்டும். 3 நிமிடம் 20 விநாடி ஓட வேண்டிய பாட்டு 3 சதவீதம் வேகமாக ஓடினால் 6 விநாடி முன்னதாக முடிந்துவிடும். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளில் தொடக்கமும் முடிவும் வெட்டுப்படாமல் இருந்தும் நீளம் ஐந்தாறு விநாடி மாறினால், ஒன்றின் வேகம் தவறு. எது சரி என்று முடிவு செய்ய அதே படத்தின் மற்ற பாட்டுகளில் அந்தப் பாடகரின் குரல் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். குரல் மெலிந்து, சின்னப் பிள்ளைத்தனமாகக் கேட்பது பெரும்பாலும் வேகம் கூடிய பிரதி.

அடுத்தது போலி ஸ்டீரியோ. தமிழில் முதல் ஸ்டீரியோப் பதிவு (இடம், வலம் என இரண்டு ஒலித்தடம்) என்று சொல்லப்படுவது 1978இன் ‘ப்ரியா’. அதற்குப் பல வருஷம் முந்தைய பாட்டு ‘ஸ்டீரியோ’ என்று வந்தால், பின்னாளில் எதிரொலியும் கால இடைவெளியும் சேர்த்து அகலமாக்கியது. போனின் அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு வசதி இருக்கும். அதை இயக்கிவிட்டுக் கேளுங்கள். குரல் உள்ளீடற்று, டின்னுக்குள் இருந்து வருவதுபோல் ஒடுங்கினால் அந்தப் பிரதியை விடுங்கள். நேர்மையான மோனோப் பிரதியில் எந்த மாற்றமும் இருக்காது.

பாட்டின் நீளமே குறைவதும் உண்டு. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடத்துக்குமேல் கொள்ளாது. அதனால் படத்தில் வந்த ஒரு சரணமோ நீண்ட இடையிசையோ தட்டில் விடுபட்டிருக்கும், அல்லது பாட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். படத்தில் கேட்டு மனதில் நின்றவர், ‘ஒரு சரணம் காணோமே’ என்று தேடினால் காரணம் இதுதான். அப்போது படத்தின் ஒலித்தடத்தில் இருந்து எடுத்த வடிவம் யூடியூபில் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலடிச் சத்தமும் வசனமும் கலந்திருக்கும், ஆனால் சரணம் முழுசாக இருக்கும்.

சரியான பதிவைப் பிடித்துவிட்டால் அதன் ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கொடுக்கப்படும் 12 எழுத்து–எண் அடையாளம் அது. இசைப்பதிவு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐயின் இணையத் தேடலில் பாட்டின் பெயர் போட்டால் கிடைக்கும். அதில் உள்ள ஆண்டு இலக்கம் எண் ஒதுக்கிய ஆண்டைக் காட்டுவது, பாடிய ஆண்டை அல்ல. சில வேளை ஒரே பழைய பதிவுக்கு இரண்டு எண் ஒதுக்கியிருப்பார்கள். குறை இருந்தாலும் தலைப்பை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாட்டுப் பெட்டி: சாரேகாமா கார்வான்

2017இல் வந்த இந்தப் பெட்டியின் தமிழ் வகையில் 5,000 பாட்டு ஏற்றியே தருகிறார்கள். இதன் பெரிய பலம் பதிவுகள் மூலப் பதிவுகளாக இருப்பது. ஹெச்எம்வி என்று நாம் அறிந்த பழைய கம்பெனியின் இன்றைய பெயர்தான் சாரேகாமா. அதனால் ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகளில் ‘இது அசல்தானா?’ என்ற சந்தேகமே எழாது. இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஆப் பழகாத தாத்தா பாட்டிக்கு வாங்கிக் கொடுக்க இதைவிட நல்லது இல்லை.

ஆனால் சொந்தப் பட்டியல் போடுகிறவருக்குக் கருவியாக இது போதாது. ஏற்றிய 5,000இல் ஒன்றைக் கூட்டவோ நீக்கவோ முடியாது. வேண்டிய பாட்டின் பெயரைத் தட்டித் தேடப் பெட்டியில் வழியில்லை. அந்த நிறுவனத்தின் உரிமையில் உள்ளவைதான் உள்ளே. மற்ற கம்பெனிகள் வெளியிட்ட படங்கள் கிடையாது. எண்பதுகள், தொண்ணூறுகளில் மனசு இருப்பவருக்கு இடைவெளி பெரிதாகவே தெரியும். அதில் உள்ள யூஎஸ்பி துளைதான் மீட்பு. நீங்களே செய்த பென் டிரைவைச் செருகினால் பெட்டி உங்கள் பட்டியலைப் பாடும். அந்த ஒலிபெருக்கி பழைய பாட்டுகளின் குரலுக்கு நன்றாகவே ஒத்துப்போகிறது.

மியூசிக் ஆப்கள்

கண்டுபிடிக்க இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை, தேடத் தெரிந்தால். தமிழ் எழுத்தில் தட்டினால் பாதிப் பாட்டு வராது, தலைப்புகள் ஆங்கில எழுத்தில் ஏறியிருப்பதால். அந்த எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஒரு விதம். ழகரத்துக்கு ‘இசட்–எச்’சும் உண்டு, வெறும் ‘எல்’லும் உண்டு. நெடிலுக்கு ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பது ஏற்றியவர் விருப்பம். பாட்டின் முதலடியை விட்டுவிட்டுப் படத்தின் பெயரைத் தேடி, அந்த ஆல்பத்துக்குள் போய் எடுப்பதே வழி. ‘ஹிட்ஸ்’ என்று முடியும் தொகுப்புகளில் இருந்து சேர்க்க வேண்டாம். மறுபதிவுகள் அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கின்றன. தொகுப்பின் உரிமம் முடிந்தால் பாட்டும் அதோடு போகும்.

வரிசை விஷயத்தில் இலவசக் கணக்கு உதவாது. விளம்பரம் குறுக்கிடும், வைத்த வரிசையில் பாட விடாமல் கலைத்துப் போடும் கட்டுப்பாடுகளும் வந்துபோகும். கட்டணக் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஸ்பாடிஃபையில் ஒரு கருவியில் 10,000 பாட்டுவரை இறக்கிவைக்கலாம், ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைய வேண்டும். இறக்கியது நம்முடையது என்று நினைத்துவிடக் கூடாது.

உண்மையான பலவீனம் நிலைத்தன்மை. உரிமை கைமாறும்போது, ஒப்பந்தம் முடியும்போது பாட்டு சாம்பல் நிறமாகும், அல்லது சத்தமில்லாமல் காணாமல் போகும். ஸ்பாடிஃபையில் ‘கிடைக்காத பாட்டுகளைக் காட்டு’ என்ற அமைப்பைக் கட்டாயம் இயக்கிவையுங்கள். இல்லாவிட்டால் நூறு தொண்ணூற்றிரண்டானது தெரியவே தெரியாது. இளையராஜா பாட்டுகளின் உரிமை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்துவருவதால், அவர் பாட்டு அதிகமுள்ள பட்டியலை மாதம் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஆப்பே மூடப்படுவதும் புதிதல்ல. 2020இல் கூகுள் ப்ளே மியூசிக் போனது, 2024இல் ஏர்டெல்லின் விங்க்.

ஓர் ஆப்பில் இருந்து இன்னொன்றுக்குப் பட்டியலை மாற்றித் தரும் சேவைகள் இருக்கின்றன. அவை பல வேளை பெயரை வைத்தே பொருத்திவிடும். தமிழ்ப் பாட்டில் அது அபாயம்: 1964இன் பாட்டைக் கொடுத்தால் 2004இன் பாட்டைத் தந்துவிட்டு ‘வெற்றி’ என்று சொல்லும். மாற்றிய பிறகு நூறையும் முதல் பத்து விநாடி கேட்டுப் பார்க்காமல் பழையதை அழிக்காதீர்கள்.

ஆப்களில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் யூடியூப் மியூசிக். நம்மிடம் உள்ள கோப்புகளைக் கணினி வழியாக 1,00,000 வரை ஏற்றிவைக்க விடுகிறது. எம்பி3, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் ஆகிய இரண்டு வகைக் கோப்பையும் ஏற்கிறது. கடையில் கிடைக்காத பாட்டு உங்களிடம் பழைய சிடியில் இருந்தால் அதுவும் அதே பட்டியலில் உட்காரும். நம் தரவை இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகப் பட்டியலை, எக்ஸெலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக எடுத்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் வீடியோ அடையாள எண் வரும். மியூசிக் ஆப் அல்லாத சாதாரண யூடியூப் தளத்தைக் கண்டுபிடிக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சேமிக்கும் இடமாக வேண்டாம். தனியார் ஏற்றிய அரிய வடிவம் எந்த நாளும் நீக்கப்படலாம்.

பென் டிரைவ்

கடைசிவரை நிற்பது இதுதான், நாமே செய்தால். செல்போன் கடைகளில் ‘ஆயிரம் பாட்டு’ ஏற்றித் தருவதை வாங்க வேண்டாம். உரிமை இல்லாத நகல் என்பது ஒரு பக்கம். தரமும் மோசம். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற தர அளவு) கோப்பை 320ஆக மாற்றிப் பெருக்கியிருப்பார்கள். ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படம்) திறந்து பாருங்கள். 320 என்று சொல்லும் கோப்பு 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்ததுபோல் நின்றால் அது பெருக்கியது. இந்தச் சோதனை புதிய பாட்டுகளுக்குத்தான் செல்லும், பழைய மோனோப் பதிவுகளில் அந்த உயரத்தில் முதலிலேயே அதிகம் ஒன்றும் இருக்காது.

சிடி இருந்தால் ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ மென்பொருளில் ஃப்ளாக்காக எடுங்கள். நாலு நிமிடப் பாட்டு சுமார் 25 எம்பி வரும். சிடி இல்லாதவற்றை ஐட்யூன்ஸ் ஸ்டோரில் தனித்தனியாக வாங்கலாம்: 256 கேபிபிஎஸ் ஏஏசி வகைக் கோப்பு, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாதது. காருக்கு எம்பி3 போதும். 320இல் நிமிடத்துக்கு 2.4 எம்பி, நூறு பாட்டும் சேர்ந்து ஒரு ஜிபிக்குள் அடங்கும்.

32 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள். 64 ஜிபி டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வரும், பல கார் ஸ்டீரியோக்கள் அதைப் படிக்காது. பழைய அமைப்பான ஃபேட்32இல் ஃபார்மேட் செய்யுங்கள். கோப்புப் பெயரின் தொடக்கத்தில் 001, 002 என்று மூன்று இலக்கம் கட்டாயம். வெறும் 1, 2 என்று போட்டால் ஒன்றுக்கு அடுத்துப் பத்தும் நூறும் வந்துவிட்டுத்தான் இரண்டு வரும். சில ஸ்டீரியோக்கள் பெயரைப் பார்க்காமல் நகலெடுத்த வரிசையில் பாடும். அதனால் நூறையும் மொத்தமாக இழுத்துப் போடாமல் எண் வரிசையில் சிறு சிறு தொகுதியாக நகலெடுங்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் பல கார்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆங்கில எழுத்தே பாதுகாப்பு. சத்தம் பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்குவதுதான் பழையதும் புதியதும் கலந்த பட்டியலின் பெரிய தொந்தரவு. ‘எம்பி3கெய்ன்’ மென்பொருளில் எல்லாவற்றையும் 89 டெசிபலுக்குக் கொண்டுவந்தால் 1958இன் பாட்டுக்குப் பின் 2004இன் பாட்டு வரும்போது காது அதிராது. ஒலித்தரம் இதில் குறையாது.

எந்த வழியில் போனாலும் பட்டியலின் மூலப்பிரதி ஒரு எக்ஸெல் தாளாக இருக்கட்டும்: முதலடி, படம், ஆண்டு, பாடியவர், இசை, எழுதியவர், நிமிடம்–விநாடி, ஐஎஸ்ஆர்சி எண். ஆப் மூடினாலும் டிரைவ் தொலைந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நூறையும் திரும்பக் கட்டிவிடலாம். பென் டிரைவை வருஷக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்தால் அதிலுள்ளது மெல்ல அழியக்கூடும். பாட்டுக் கோப்புகளின் இரண்டாவது பிரதி ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகி நாலைந்து பாட்டு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.